களையும் கோதுமையும்: மரண தண்டனை வழக்கும் நம் சாட்சியும்

மயிலாப்பூரில் இரு நினைவிடங்கள் உள்ளன. ஒன்று திருவள்ளுவர் கோயில். மற்றொன்று, அப்போஸ்தலனாகிய தோமாவின் கல்லறை உள்ளதென மரபு கூறும் சாந்தோம் ஆலயம். கொல்லாமையைப் பாடிய புலவரையும் கொலையுண்ட அப்போஸ்தலனையும் ஒரே ஊர் நினைவுகூர்கிறது. அரசு ஒரு மனிதனின் உயிரை வாங்கலாமோ என்னும் வினாவை இவ்வூரிலிருந்தே நாம் தொடங்குவது பொருத்தமாகும்.

வள்ளுவரிடத்திலேயே இவ்வழக்கு எழுகிறது. 33ஆம் அதிகாரம் கொல்லாமையைத் தலையாய அறமாக வைக்கிறது. 55ஆம் அதிகாரமாகிய செங்கோன்மையோ, கொடியவரை வேந்தன் ஒறுப்பதை உழவன் களை பறிப்பதற்கு ஒப்பிடுகிறது. 550ஆம் குறளாகிய இதில் வரும் 'கொலை' என்னும் சொல்லைப் பரிமேலழகர் 'ஒறுத்தல்' என்பதோடு சேர்த்து, கொலையால் தண்டித்தல் எனப் பொருள் கொண்டார். அச்சொல்லைக் 'கொடியார்' என்பதோடு சேர்த்தால், கொலை புரியும் கொடியவரைத் தண்டித்தல் என்பது மட்டுமே பொருளாகும். தண்டனை இன்னதென்று குறள் கூறவில்லை என்றாகிவிடும். ஒரு சொல் எதனோடு சேர்கிறது என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது!

நம் நாட்டுச் சட்டமும் இவ்வாறே அசைந்து வந்துள்ளது. 1955ஆம் ஆண்டின் திருத்தம் வரை, கொலைக் குற்றவாளிக்கு மரண தண்டனை விதிக்காத நீதிபதியே அதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதைத் தலைகீழாக்கி, மரண தண்டனை விதிப்பதற்கே சிறப்புக் காரணம் வேண்டும் என்றது. 1980ஆம் ஆண்டு பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தண்டனை அரசியலமைப்புக்கு முரணன்று. ஆயினும் அரிதினும் அரிதான வழக்குகளுக்கே உரியது எனத் தீர்ப்பளித்தது. ஐவரில் நீதிபதி பகவதி ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

இனி அடையாற்றை அடுத்த திருவான்மியூருக்கு வருவோம். 1988இல் வெளிப்பட்ட ஆறு கொலைகளுக்காக ஆட்டோ சங்கர் என்பவர் 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் தமிழ்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. தண்டனையை ஆதரிப்போர்க்கு இதனினும் வலிய சான்று கிடைப்பது அரிது. எனினும், சிறையில் அவர் எழுதியதாகக் கூறப்பட்ட வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது பற்றி 'நக்கீரன்' இதழ் தொடுத்த வழக்கில், உயர் அதிகாரிகள் சிலரோடு அவருக்கிருந்த தொடர்பை அந்நூல் கூறுவதாகச் சொல்லப்பட்டதை 1994ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. அக்கூற்று மெய்யோ பொய்யோ, கூறியவரைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு தூக்குமேடையோடு முடிந்துபோயிற்று.

மற்றொரு வழக்கு இந்நகரை இதனினும் ஆழமாகக் கலக்கியது. ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். அவரோடு வேறு பலரும் மாண்டனர். 1998இல் தனி நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்து, பத்தொன்பது பேரைக் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. நால்வரில் நளினியின் தண்டனை 2000இல் குறைக்கப்பட்டது. எஞ்சிய மூவரின் கருணை மனுக்கள் பதினோரு ஆண்டுகள் கிடந்தபின் தள்ளப்பட்டன. 2011 செப்டம்பர் 9 தூக்குக்கு நாளாகக் குறிக்கப்பட்டது. ஆகஸ்டு 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதே நாளில் சட்டமன்றமும் கருணை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. 2014இல் உச்ச நீதிமன்றம், காலதாமதத்தைக் காரணம் காட்டி, அத்தண்டனையை ஆயுள் தண்டனையாக்கியது.

இதற்கிடையே, 2013இல், பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, மின்கலங்கள் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளியில் சொன்னார். 2011இலேயே தூக்கு நிறைவேறியிருந்தால் இச்சொல்லால் யாருக்கு என்ன பயன்? 2022இல் பேரறிவாளன் விடுதலை பெற்றார்.

திருமறை என்ன கூறுகிறது? மனித இரத்தம் சிந்துவோனின் இரத்தமும் சிந்தப்படும் என்கிறது ஆதியாகமம் 9:6. ஆனால், அதே நூலின் நான்காம் அதிகாரத்தில், முதற் கொலைகாரனாகிய காயீனைப் பிறர் கொல்லாதபடி கர்த்தரே அவன்மேல் அடையாளம் இடுகிறார். ரோமர் 13இல் பவுலடியார் அதிகாரத்தின் பட்டயத்தை ஒப்புக்கொள்கிறார். அவரோ ரோமரின் பட்டயத்தால் மாண்டார் என்பது மரபு. நாம் ஆண்டவர் என அறிக்கையிடுகிறவரும் முறைப்படி தீர்ப்பளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டவரே.

மத்தேயு 13இல் நம் ஆண்டவரும் களையைப் பற்றியே பேசுகிறார். ஆனால், வேலைக்காரர் களையைப் பிடுங்கக் கேட்கும்போது எஜமான் தடுக்கிறார். கோதுமையும் கூடவே வேரோடு வந்துவிடும் என்கிறார். இது திருச்சபை ஒழுங்கைப் பற்றியதே என்பாருண்டு. நிலம் உலகம் என்று ஆண்டவரே விளக்கியிருக்கிறார். இவ்வுவமை குற்றவாளியைச் சிறையிடுவதைத் தடுக்கவில்லை. இறுதியாகப் பிடுங்கி எறியும் உரிமையை மட்டும் அறுவடையின் ஆண்டவருக்கே விடுகிறது. களை எது, கோதுமை எது என அறிவதில் வேலைக்காரரின் கண் தவறக்கூடும் என்பதே அதன் காரணம். எழுதாமல் விடப்பட்ட அவ்வாக்கியம் இதற்குச் சான்றன்றோ?

களை தெளிவாகத் தெரிந்த இடத்தில் என் செய்வது? திருவான்மியூர் நம்மைக் கேட்கும் கேள்வி இது. அங்கும் அறுவடை மட்டும் உள்ள காலம் மனந்திரும்புதலின் காலம் என்றே நாம் விடை கூற வேண்டும். இது எளிய விடையன்று. கொலையுண்டவரின் தாய்க்கு முன் நின்று இதைச் சொல்லக் கூசுகிறோம், கூசுவதே முறை. 1999இல் ஒரிசாவில் கணவரையும் இரு புதல்வரையும் நெருப்புக்கு இழந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார் மன்னித்தார். அவர் தாமே முன்வந்து சொன்ன சொல் அது. பிறரிடம் அதைக் கட்டளையாகக் கேட்க நமக்கு உரிமையில்லை.

2015இல் சட்ட ஆணையம், பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக, மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. அதன் தலைவர் ஏ. பி. ஷா முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் பணி. நம் பணி இரண்டு. தூக்குக்காகக் காத்திருப்போரைச் சிறையில் சந்திப்பது ஒன்று. கொலையுண்டோரின் வீட்டு வாசலில், வழக்கு முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும், போய் அமர்வது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் பேசும் திருச்சபையின் சொல்லை எவரும் நம்பமாட்டார்.