ஒரு விருதும் சில சொற்களும்: பாரத ரத்னாவின் வரலாறு குறித்து

பாரத ரத்னா யாருக்கு வழங்கப்பட்டிருக்க வேண்டும், யாருக்கு வழங்கப்பட்டிருக்கக் கூடாது என்னும் விவாதம் நமக்குப் பழகிப்போன ஒன்று. பெயர்களைக் குறித்த அவ்விவாதத்தை இங்கே ஒதுக்கிவைக்கிறேன். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் என் கவனம் வேறிடத்தில் நிற்கிறது. இவ்விருதின் எழுபதாண்டு வரலாற்றில் நிகழ்ந்த பெரிய பூசல்கள் பலவும் ஓரிரு சொற்களின் பொருள் பற்றியவை. ‘பட்டம்’ என்பது எது? ‘மறைவுக்குப் பின்’ என்று எழுதினால் என்ன நேர்கிறது? ‘இலக்கியம்’ என்ற சொல் விதியில் இருந்ததால் இலக்கியத்துக்கு என்ன கிடைத்தது?

விருதின் பெயரிலிருந்தே தொடங்கலாம். பதக்கத்தில் தேவநாகரியில் பொறிக்கப்பட்டிருப்பது ‘பாரத ரத்ன’ என்பதே. இறுதியில் நெடில் இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டல் வழியாக வந்து, தமிழ் இதழ்களில் ‘ரத்னா’ என நிலைபெற்றுவிட்டது. தமிழ் மரபுப்படி ‘ரத்தினம்’ என்றிருந்திருக்கலாம். வழக்கு வென்றுவிட்டது, நானும் வழக்கையே பின்பற்றுகிறேன்.

1954 ஜனவரி 2 அன்று குடியரசுத் தலைவரின் செயலகம் இரண்டு விருதுகளை அறிவித்தது. ஒன்று பாரத ரத்னா. மற்றொன்று பத்ம விபூஷண், அது மூன்று நிலைகளைக் கொண்டது. அந்நிலைகளுக்கு இடப்பட்ட பெயர்கள் ‘பஹலா வர்க்’, ‘தூஸ்ரா வர்க்’, ‘தீஸ்ரா வர்க்’, அதாவது முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. ரயில் பெட்டிகளை நினைவூட்டும் இப்பெயர்கள் ஓராண்டே நீடித்தன. 1955 ஜனவரியில் அவை பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ என மாற்றப்பட்டன. படிநிலை அப்படியே இருந்தது, அதைச் சொல்லும் எண்ணுப்பெயர்கள் மட்டும் மறைந்தன. ‘வி’ என்ற ஒரு முன்னொட்டு இப்போது ஒரு படியின் வேலையைச் செய்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது உறுப்புக்கும் இடையே தொடக்கத்திலிருந்தே ஓர் உரசல் இருந்தது. படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறெந்தப் பட்டத்தையும் அரசு வழங்கலாகாது என்கிறது அவ்வுறுப்பு. ராவ் பகதூர், திவான் பகதூர் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க எழுதப்பட்டது அது. அது நடைமுறைக்கு வந்து நான்கே ஆண்டுகளில் அரசு விருதுகளை ஏற்படுத்தியது. ஆச்சார்ய கிருபளானி இதை ஏற்கவில்லை. 1969இல் இத்தகைய விருதுகளை ஒழிக்கக் கோரும் தனிநபர் மசோதா ஒன்றை மக்களவையில் கொண்டுவந்தார், அது தோற்றது. அவர் முன்வைத்த கேள்வி 1990களில் நீதிமன்றத்துக்குப் போனது.

கேரள, மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றங்களில் தொடங்கிய இரு வழக்குகள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு வந்தன. பாலாஜி ராகவன் வழக்கு என அறியப்படும் அதில் 1995 டிசம்பரில் தீர்ப்பு வெளியானது. உயர்குடிப் பட்டங்களையே 18ஆவது உறுப்பு தடைசெய்கிறது, எனவே இவ்விருதுகள் செல்லும் என்றது நீதிமன்றம். சிறப்பை நோக்கி முயல்வது குடிமக்களின் அடிப்படைக் கடமை என அரசமைப்பே கூறும்போது, சிறப்பை அங்கீகரிக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதும் அதன் வாதங்களுள் ஒன்று. கூடவே ஒரு நிபந்தனையையும் விதித்தது: விருதைப் பெயருக்கு முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் விருதை இழக்க நேரிடும்.

மொழியியல் மாணவர்கள் இத்தீர்ப்பை ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும். பட்டத்துக்கும் விருதுக்குமான எல்லைக்கோடு சொல்லின் பொருளில் மட்டுமன்றி அதன் வருகையிடத்திலும் வரையப்படுகிறது. பெயரோடு ஒட்டினால் பட்டம், தனித்து நின்றால் விருது! நடைமுறையில் யார் இதைக் கவனிக்கிறார்கள்? நம் ஊர்ச் சுவரொட்டிகளிலும் அழைப்பிதழ்களிலும் ‘பாரத ரத்னா’ என்பது எம்.ஜி.ஆர்., அப்துல் கலாம் ஆகியோரின் பெயர்களுக்கு முன்னால் தயக்கமின்றி வந்து நிற்கிறது. மதிப்பை அடைமொழியால் சொல்வதே பழக்கமாகிவிட்ட சமூகத்தில், நீதிமன்றத்தின் ஒட்டிலக்கணத்துக்கு அவ்வளவுதான் ஆற்றல்.

அடுத்த சொல், ‘மறைவுக்குப் பின்’. 1954ஆம் ஆண்டு விதிகளில் மறைந்தவர்களுக்கு இவ்விருதை வழங்க இடமில்லை. 1955இல் செய்த திருத்தம் அதற்கு வழிவிட்டது. 1966இல் லால் பகதூர் சாஸ்திரிக்கு முதன்முதலாக அவ்வாறு வழங்கப்பட்டது. 2024 வரை விருது பெற்ற 53 பேரில் 18 பேர் மறைவுக்குப் பின் பெற்றவர்கள். 2024ஆம் ஆண்டின் ஐவரில் அத்வானி ஒருவரே உயிருடன் இருந்து பெற்றார். இந்த வழி திறந்த பிறகு விருதின் தன்மையே மாறிவிட்டது என்பது என் கருத்து. உயிரோடிருப்பவருக்கு அளிக்கும் விருதை அவர் மறுக்கலாம். மறைந்தவரிடம் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. இந்திரா காந்தியோடு அரசியலில் முரண்பட்டு, நெருக்கடி நிலையை ஏற்காதவராக 1975 அக்டோபரில் மறைந்த காமராசருக்கு, அதே நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அதே இந்திராவின் அரசு விருது வழங்கியது. எம்.ஜி.ஆர். மறைந்த சில வாரங்களில், 1988இல், தமிழகம் தேர்தலை எதிர்நோக்கியிருந்த வேளையில் அவருக்கு வழங்கப்பட்டது. அம்பேத்கர் 1990 வரையும் படேல் 1991 வரையும் காத்திருந்தனர்.

இச்சொல் ஒருமுறை விருதையே முறித்தது. 1992 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸுக்கு மறைவுக்குப் பின் பாரத ரத்னா வழங்கப்படுவதாக ஒரு செய்திக் குறிப்பு வெளியானது. போஸ் எவ்விருதுக்கும் அப்பாற்பட்டவர் என்ற எதிர்ப்பு ஒருபுறம். மறுபுறம், அவர் மறைந்தார் என்பதையே ஏற்காதவர்களின் எதிர்ப்பு. ‘மறைவுக்குப் பின்’ என எழுதும் அரசு, மறைவைத் தானே உறுதிசெய்கிறது அல்லவா? கருத்தாடலியலில் முற்கோள் என்று நாம் சொல்வதன் மிகத் துல்லியமான எடுத்துக்காட்டு இது. நேரடியாகக் கூறப்படாத, ஆனால் கூற்று பொருள்படுவதற்கு ஏற்கப்பட்டாக வேண்டிய செய்தி. வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அரசு அதற்குமேல் நடவடிக்கை எடுக்காததால் விருது உண்மையில் வழங்கப்படவே இல்லை எனக் கொண்ட நீதிமன்றம், 1997இல் அக்குறிப்பு ரத்தானதாகக் கருதப்பட வேண்டும் என்றது. ஆக, அறிவிப்பு வேறு, வழங்கல் வேறு. அரசிதழில் பெயர் வெளியாகி, பதிவேட்டில் ஏறி, குடியரசுத் தலைவர் ஒப்பமிட்ட பட்டயமும் அரச இலை வடிவப் பதக்கமும் சேர வேண்டும். பணம் எதுவும் கிடையாது.

வழங்கும் முறையோ வியக்கத்தக்க அளவுக்கு எளிது. பிரதமர் பரிந்துரைக்கிறார், குடியரசுத் தலைவர் வழங்குகிறார். பத்ம விருதுகளுக்கு ஒரு குழு உண்டு, பரிந்துரைகள் அனுப்பலாம். பாரத ரத்னாவுக்கு முறையான பரிந்துரை எதுவும் தேவையில்லை என்பதே அரசின் நிலைப்பாடு. 1955இல் நேருவுக்கு விருதளித்தபோது, பிரதமரின் பரிந்துரையின்றித் தாமே முடிவெடுத்ததாக ராஜேந்திர பிரசாத் வெளிப்படையாகச் சொன்னார். ஆண்டுக்கு மூவர் என்ற வரம்பும் 1999இல் நால்வருக்கும் 2024இல் ஐவருக்கும் வழங்கப்பட்டபோது தாண்டப்பட்டது. 1977இல் மொரார்ஜி தேசாய் அரசு இவ்விருதுகளை நிறுத்திவைத்தது. 1980இல் இந்திரா காந்தி ஆட்சிக்குத் திரும்பியதும் அவை மீண்டன. 1991இல் பாரத ரத்னா பெற்றவர்களில் ஒருவர் அதே மொரார்ஜி தேசாய். ஏன் இவர், ஏன் இப்போது என்பதற்கு விதிகள் எவரிடமும் எழுத்துவடிவில் காரணம் கேட்பதில்லை. ஆய்வாளனுக்கு இதுவே பெரிய இழப்பு. தேர்வின் தர்க்கத்தைப் பெயர்ப்பட்டியலிலிருந்து ஊகிக்கத்தான் முடிகிறது.

அந்த ஊகத்துக்கு உதவுவது மூன்றாவது சொல். கலை, இலக்கியம், அறிவியல் ஆகியவற்றின் வளர்ச்சிக்கான சிறப்புப் பணி, மிக உயர்ந்த பொதுத்தொண்டு: இவையே 1954இல் வகுத்த தகுதிகள். முதலாண்டில் பெற்ற ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன் மூவரும் இவ்வரையறைக்குப் பொருத்தமாகவே தோன்றினர். பின்னர் பொதுத்தொண்டு என்ற சொல் பட்டியலின் பெரும்பகுதியைத் தனக்கென எடுத்துக்கொண்டது. இசைக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி, ரவிசங்கர், லதா மங்கேஷ்கர், பிஸ்மில்லா கான், பீம்சேன் ஜோஷி என ஒரு வரிசையே உண்டு. திரைக்கலைக்கு சத்யஜித் ராய். சமஸ்கிருதப் புலமைக்கு பி.வி. காணே, 1963இல். ஆனால் முதன்மையாகக் கவிஞர் அல்லது புனைகதையாளர் என்று அறியப்பட்ட ஒருவரைக்கூட அப்பட்டியலில் காணோம். எந்த இந்திய மொழியிலிருந்தும் இல்லை.

2011இல் அவ்விதி திருத்தப்பட்டு, மனித முயற்சியின் எந்தத் துறைக்கும் விருது வழங்கலாம் என்றானது. விளையாட்டுக்கு வழிவிடுவதே உடனடிப் பயனாக இருந்தது. 2014இல் சச்சின் டெண்டுல்கர் விருதைப் பெற்றுக்கொண்டார். அத்திருத்தத்தோடு ‘இலக்கியம்’ என்ற சொல் விதியிலிருந்து நீங்கியது, 57 ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு.