மூச்சும் விசிலும்: சடுகுடு கபடியான கதை

சடுகுடுவின் வரலாறு என்று நம் கைக்கு வருவது பெரும்பாலும் சங்கங்களின் வரலாறுதான். மராட்டியத்தில் 1920களின் தொடக்கத்தில் விதிகள் எழுதப்பட்டன. 1936இல் அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்தியக் கபடிக் கழகம், 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் தங்கம். இந்த வரிசையில் ஆடியவர்களின் குரல் எங்கே போனது? தொண்டையிலிருந்து வரும் குரலைத்தான் சொல்கிறேன்.

எங்கள் மணப்பாறைப் பக்கத்தில் எதிரணிக்குள் போவதைப் பெருசுகள் 'பாடிப் போறது' என்றுதான் சொல்வார்கள். 'ரெய்டு' பிறகு வந்த சொல். தை மாதம் கதிரடித்து முடிந்த களத்திலோ தரிசிலோ கோடு கிழித்து, ஒரே மூச்சில் பாட்டுக் கட்டிப் போக வேண்டும். எதிர்ப்பக்கத்தில் மூச்சு அறுந்தவன் அவுட். ஆக, பாட்டுதான் கடிகாரம். அது அறுந்ததா இல்லையா என்பதைக் கோட்டோரம் குந்தியிருக்கிற யாரும் காதால் கேட்டுச் சொல்லிவிடலாம். நடுவர் என்று தனியாக ஒருவர் தேவைப்படாத ஆட்டம் அது. 'மூச்ச விட்டுட்டாண்டா' என்று கூட்டம் கத்தினால் தீர்ப்பு ஆயிற்று.

பாட்டில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எதிராளிக்கு நான் அப்பன் முறை என்பது, பாட்டன் பேரைச் சொல்லி மார்தட்டுவது, தாலி கட்ட வருவதாகச் சவால் விடுவது. வம்சமும் ஆண்மையும் அதன் கச்சாப் பொருள். பெண் அதில் பந்தயப் பொருள். ஊர் ஒரு பக்கமும் சேரி ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கும் கிராமத்தில் யார் யாரைப் பார்த்து இப்படிப் பாடிவிட முடியும்? 'வெளையாட்டுக்குச் சொன்னதுதானேப்பா' என்று சொல்லித் தப்புகிற வசதி எல்லோருக்கும் கிடையாது. அதுவும் தொடுவதையே அடிப்படையாகக் கொண்ட ஆட்டம் இது. தொட்டால் தீட்டு என்று சொன்ன சமூகத்தில், தொட்டால் அவுட் என்கிற ஆட்டத்தை யார் யாரோடு ஆடினார்கள் என்ற கேள்வியை நாட்டுப்புறவியல் தொகுப்புகள் அதிகம் கேட்டதில்லை.

விதிப்புத்தகம் இந்தப் பாட்டுகள் அத்தனையையும் தள்ளிவிட்டு, 'கபடி' என்ற ஒற்றைச் சொல்லைக் கட்டாயமாக்கியது. பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். விசிலும் அளவுநாடாவுமாகப் பள்ளிக்கூடம் வந்த 'டிரில் மாஸ்டர்' என்ற உருவம் இந்த மரபில் வந்ததுதான். உடலை அளந்து, நேரத்தைப் பகுத்து, குரலை ஒரே மாதிரி ஆக்குவது பற்றி ஃபூக்கோ பேசியதற்கு நம் ஊர் உதாரணம் தேடுபவர்கள் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள இந்தக் கட்டத்தைப் பார்க்கலாம்.

ஆனால் இதை வெறும் இழப்பாகச் சொல்லி ஒப்பாரி வைக்க எனக்கு மனமில்லை. அந்த ஒற்றைச் சொல்லில் பாட்டன் இல்லை, தாலி இல்லை. சொல்லிக்கொள்ள வம்சப் பெருமை தேவைப்படாத ஒருவன் அதைச் சொல்லிக்கொண்டு எவர் எல்லைக்குள்ளும் போகலாம். பெண்களும் போகலாம்; 2010இல் குவாங்சோவில் மகளிர் கபடி ஆசிய விளையாட்டில் சேர்ந்தது. அர்த்தம் வெளியேற்றப்பட்ட சொல் சிலருக்கு வாசலாகவும் இருந்திருக்கிறது.

அதற்காகச் சாதி ஒழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' (2025) பேசுவதும் இதைத்தான்: விதி சாதியைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தியது, அது அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது. 2014இல் தொடங்கிய புரோ கபடியில் ஒரே மூச்சு என்ற விதி ஏட்டில் இருக்கிறது. ஆட்டத்தை முடிப்பதென்னவோ 30 விநாடிக் கடிகாரம். அரங்கத்து இரைச்சலில் மூச்சு யார் காதிலும் விழுவதில்லை. தீர்ப்பு கூட்டத்திடமிருந்து திரைக்குப் போய்விட்டது.

இந்த நிலையில் 'கபடி' என்பது 'கைபிடி'யிலிருந்து வந்த தமிழ்ச் சொல் என்று பெருமைப்படுவதில் என்ன கண்டோம்? நம் வாயிலிருந்த பாட்டை நிறுத்திய சொல்லுக்குத் தமிழ்ப் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம், அவ்வளவே. செய்ய வேண்டிய வேலை வேறு. பாடிப் போனவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் பாட்டை மட்டும் எழுதி வாங்கினால் போதாது. எந்தத் தெருக்காரர், எந்தத் தெரு அணியைப் பார்த்து, எந்தக் களத்தில் பாடினார், எந்தப் பாட்டை எங்கே பாட முடியவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுத வேண்டும். சடுகுடுவின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்கும்.