தோடமலையில் தேடிய கிறிஸ்தவர்கள்

போன மாதம் கூடலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என்னோடு பல வருடம் ஒரே பிரிவில் உத்தியோகம் பார்த்த நண்பரின் பேரனுக்குக் கல்யாணம். நண்பர் கேரளத்திலிருந்து வந்து கூடலூர்ப் பக்கம் குடியேறிய தோமா கிறிஸ்தவக் குடும்பம். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, "பெண் வீட்டார் வேறே சபை சார். அவங்க குருவானவரும் நம்ம குருவானவரும் சேர்ந்து நிற்கலாமா கூடாதான்னு ஒரு மாசம் பேச்சு நடந்தது" என்றார். சீரோ மலபார், சீரோ மலங்கரா, யாக்கோபாயா, ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா என்று விரல்விட்டு எண்ணினார். "எல்லாரும் தோமையார் பிள்ளைங்கதான். எப்போ பிரிஞ்சோம், எதுக்குப் பிரிஞ்சோம்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்கதான் பழைய புஸ்தகமெல்லாம் படிக்கிறீங்களே, எழுதுங்களேன்" என்றார்.

அவருக்காக எழுதுகிறேன். இந்தக் கதையின் ஒரு அத்தியாயம் நம் நீலகிரியிலேயே நடந்திருக்கிறது. நானும் வெகுநாள் வரை அதை அறியாமல்தான் இருந்தேன்.

சண்டையின் வேர் மிகப் பழையது. ஐந்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளின் பிதாப்பிதாவாக இருந்தவர் நெஸ்தோரியுஸ். மரியாளை "கடவுளின் தாய்" என்று அழைப்பதைவிட "கிறிஸ்துவின் தாய்" என்று அழைப்பதே சரி என்றார் அவர். அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் இது தப்பறை என்றார். கிறிஸ்துவைக் கடவுள் வேறு, மனிதன் வேறு என்று இரண்டாகப் பிளப்பதாகும் என்பது அவர் வாதம். தீர்த்துவைக்க எபேசு நகரில் பொதுச்சங்கம் கூட்டினார்கள்.

இதற்கு முன்பும் திருச்சபை போதனைச் சண்டைகளைச் சந்தித்திருக்கிறது. முதல் தலைமுறையிலேயே ஒன்று வந்தது. யூதரல்லாதவர்கள் விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் மீட்பா என்பது கேள்வி. அப்போஸ்தலர் பணி நூலின் 15-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அந்தியோகியாவிலிருந்து பவுலும் பர்னபாவும் எருசலேமுக்கு வருகிறார்கள். எதிர்க் கட்சியார் எழுந்து தங்கள் வாதத்தைச் சொல்கிறார்கள். வெகுநேரம் விவாதம் நடக்கிறது. பேதுரு பேசுகிறார், பவுலும் பர்னபாவும் தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள், கடைசியில் யாக்கோபு முடிவைச் சொல்கிறார். முடிவைக் கடிதமாக எழுதி, அதை வாயாலும் விளக்கிச் சொல்ல யூதா, சீலா என்ற இரண்டு பேரைக் கூடவே அனுப்புகிறார்கள். எதிர்த் தரப்பைப் பேசவிட்ட பிறகுதான் அங்கே தீர்ப்பு வந்தது.

எபேசுவில் அப்படி நடக்கவில்லை. நெஸ்தோரியுசுக்கு ஆதரவான அந்தியோகியா ஆயர் யோவானும் அவர் கூட்டத்தாரும் வழியில் தாமதமாகிவிட்டார்கள். அவர்கள் வரட்டும் என்று பலர் கேட்டும் சிரில் காத்திருக்கவில்லை. 431 ஜூன் 22 அன்று சங்கத்தைத் தொடங்கி, அன்றைக்கே நெஸ்தோரியுசைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் சபைக்கு வந்து பேசவே இல்லை. சில நாள் கழித்து வந்துசேர்ந்த யோவான் தனியாக ஒரு சங்கம் கூட்டிச் சிரிலை நீக்கினார். இரண்டு வருடம் கழித்து, 433-இல், சிரிலும் யோவானும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். நெஸ்தோரியுஸ் மட்டும் மீளவில்லை. நாடு கடத்தப்பட்டு எகிப்தில் இறந்தார். பாரசீகத் திருச்சபை அவரைப் பதிதராக ஏற்கவில்லை. தன் ஆசான்களில் ஒருவராக வழிபாட்டில் நினைவுகூர்ந்து வந்தது.

அந்தப் பாரசீகத் திருச்சபையிலிருந்துதான் மலையாளக் கரைக்கு மேற்றிராணிமார்கள் வந்துகொண்டிருந்தார்கள். வழிபாடு சுறியானி மொழியில். நிர்வாகம் உள்ளூர் அர்ச்சதியாக்கோன் கையில். பல நூற்றாண்டு இப்படியே நடந்தது. போர்த்துக்கீசியர் வந்தார்கள். சுறியானிப் புத்தகங்களைப் புரட்டினார்கள். நெஸ்தோரியுஸ் பெயர் கண்ணில் பட்டது.

1597-இல் மேற்றிராணியார் மார் ஆபிரகாம் இறந்தார். பாரசீகத்திலிருந்து இன்னொருவர் வருவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று கோவாவின் பேராயர் அலெய்ஷோ தெ மெனெசெஸ் 1599 தொடக்கத்தில் நேரில் புறப்பட்டு வந்தார். ஊர் ஊராகப் போனார். பல புதிய குருக்களுக்குத் தானே பட்டம் கொடுத்தார். அர்ச்சதியாக்கோன் கீவர்கீஸ் முதலில் எதிர்த்து நின்றார், பிறகு பணிந்தார். அந்த வருடம் ஜூன் 20-ஆம் தேதி, இன்றைய எர்ணாகுளத்துக்குத் தெற்கே உள்ள உதயம்பேரூரில் சங்கம் கூடியது. குருக்களும் ஊர்ப் பெரியவர்களுமாக எண்ணூறு பேருக்கு மேல். தீர்மானங்கள் முன்கூட்டியே போர்த்துக்கீசிய மொழியில் எழுதப்பட்டிருந்தன. மலையாளத்தில் பெயர்த்து வாசித்தார்கள். 26-ஆம் தேதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் வருடத்து வழக்கத்துக்கு ஏழே நாள்.

தீர்மானங்களில் நல்லவையும் உண்டு. ஜாதகம், மந்திரவாதம், அடிமை வியாபாரம் போன்றவற்றைக் கண்டித்தார்கள். ஆனால் சுறியானிப் புத்தகங்களைத் திருத்த வேண்டும் அல்லது எரிக்க வேண்டும் என்றார்கள். எரித்தும்விட்டார்கள். இன்றைக்கு அந்தத் திருச்சபையின் பழைய வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள், எரிந்துபோன அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்று கையைப் பிசைகிறார்கள்.

இங்கேதான் நம் மலை வருகிறது. உதயம்பேரூர்த் தீர்மானங்களிலேயே "தோடமலை" என்று ஓர் இடம் பேசப்படுகிறது. அங்கே முன்னொரு காலத்தில் தங்கள் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் இருப்பதாகவும், குருக்கள் இல்லாததால் விசுவாசத்தை மறந்து பெயரளவில் மட்டும் எஞ்சியிருப்பதாகவும் சங்கத்துக்குச் சேதி. அவர்களை மீட்க ஆள் அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. பிறகு அங்கமாலிக்கு மேற்றிராணியாராக வந்த பிரான்சிஸ்கோ ரோஸ் என்ற சேசு சபைக்காரர் 1602-இல் ஒரு குருவையும் ஒரு தியாக்கோனையும் அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த தகவல் போதவில்லை. மறுவருடம் கள்ளிக்கோட்டையில் இருந்த இத்தாலியர் யாக்கோமோ பெனிசியோ புறப்பட்டார். மன்னார்க்காட்டு வழியாகக் காடும் மலையும் ஏறி வந்தார். குந்தா மலையின் சரிவுகள் அந்தப் பக்கம்தான் இறங்குகின்றன. நம்மில் அந்தப் பக்கம் நடந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட ஏற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேலே வந்து பெனிசியோ கண்டது யாரை? முதலில் படகர்களை, பிறகு தோடர்களை. உட்கார்ந்து அவர்களிடம் கேட்டார். உங்கள் சாமி எது, உங்கள் பூசாரி யார், எப்படி வாழ்கிறீர்கள் என்று விசாரித்தார். எருமை மந்தை, பாலைச் சுற்றிய ஆசாரங்கள், மந்தையோடு தனியே வாழும் பூசாரி, இதையெல்லாம் பார்த்தார். சிலுவையும் இல்லை, வேதப் புத்தகமும் இல்லை. தொலைந்துபோன கிறிஸ்தவர்கள் என்று சொல்ல அங்கே எந்த அடையாளமும் இல்லை. கீழே இறங்கி, 1603 ஏப்ரலில் கள்ளிக்கோட்டையிலிருந்து தன் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினார். நீலகிரியைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் எழுதிவைத்தவற்றில் இதுவே மிகப் பழையது என்று சொல்வார்கள். ஜான் சல்லிவன் இந்த மலை ஏறியது 1819-இல். அதற்கு இருநூறு வருடத்துக்கும் முந்தியது. தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் என்பவர் 1906-இல் வெளியிட்ட பெரிய நூலின் பின்னிணைப்பில் இந்தக் கடிதம் இருக்கிறது.

பெனிசியோவை நான் பெரிய மகானாக்கப் பார்க்கவில்லை. அவரும் மதம் மாற்றத்தான் வந்தார். தோடர் வழக்கங்களைத் தன் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். ஆனாலும் ஒரு காரியம் செய்தார். சங்கத்தில் உட்கார்ந்தவர்கள் பார்க்காமலே முடிவு கட்டியதை, மலையேறி வந்து சரிபார்த்தார். தன்னை அனுப்பியவர்கள் கேட்க விரும்பிய பதிலை எழுதாமல், கண்டதை எழுதினார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அதனால் ஒரு வசதி, இந்தச் சண்டையின் இரண்டு பக்கமும் பிரெஞ்சில் கிடைக்கிறது. மெனெசெசைப் புகழ்ந்து கூவேயா என்ற அகுஸ்தீன் சபைத் துறவி 1606-இல் எழுதிய நூல் 1609-இலேயே பிரெஞ்சில் வந்துவிட்டது. அதற்கு மறுப்புப்போல, துறவு மடத்தைவிட்டுப் புரொட்டஸ்தாந்தாக மாறிய லா குரோஸ் 1724-இல் "இந்தியாவின் கிறிஸ்தவ வரலாறு" எழுதினார். பேத்தி இரண்டையும் கணினியில் இறக்கித் தந்தாள். முதல் நூலில் தோமா கிறிஸ்தவர்கள் தப்பறையில் மூழ்கி, மீட்பருக்குக் காத்திருந்தவர்கள். இரண்டாவதில் அவர்கள் ரோமாபுரியின் தவறுகள் ஒட்டாத தூயவர்கள், ஏறக்குறைய புரொட்டஸ்தாந்துகள்! ஒரே கோப்பில் வாதியின் மனுவும் பிரதிவாதியின் மனுவும் படித்த மாதிரி இருந்தது. அந்த மலையாளத்துக் குடியானவர் தாமே என்ன நம்பினார் என்று இரண்டு பேருமே உட்கார்ந்து கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், இரண்டு ஊர்களுக்கு இடையே ஊற்றுத் தண்ணீர்த் தகராறு ஒன்று என் மேஜைக்கு வந்தது. ஓர் ஊரார் அழகாக, ஆதாரங்களோடு மனு எழுதியிருந்தார்கள். மற்ற ஊரார் ஒன்றும் எழுதவில்லை. அவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. நான் மனுவைப் படித்தேன், குறிப்பு எழுதினேன், கையெழுத்தாயிற்று, கோப்பு மூடப்பட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, இவ்வளவு சீக்கிரம் ஒரு கோப்பை முடித்தேனே என்று. அடுத்த கோடையில் குழாயை வெட்டிவிட்டார்கள். இரண்டு பேர் மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அப்போதுதான் எங்கள் கண்காணிப்பாளர் என்னைப் பஸ்ஸில் ஏற்றி அந்த ஊருக்கு அழைத்துப் போனார். ஒரு கிழவி ஊற்றைக் காட்டி, "இது எங்க தாத்தா காலத்துக் கல்கட்டு சாமி, யாரும் எங்களைக் கேக்கவே இல்லையே" என்றாள். அந்த வார்த்தையை இன்றுவரை மறக்க முடியவில்லை. கோப்பை மூடினேன், தகராறு மூடவில்லை.

உதயம்பேரூரிலும் அதுதான் நடந்தது. கையெழுத்துப் போட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஐம்பத்துநான்கு வருடம் பொறுத்தார்கள். 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் கூடி, பேராயர் கார்சியாவுக்கும் சேசு சபையாருக்கும் இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சபதம் செய்தார்கள். கூட்டம் பெரிது, எல்லோராலும் சிலுவையைத் தொட முடியவில்லை, அதில் கயிறு கட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்கள் என்பது வழிவழியாக வரும் சேதி. கூனன் குரிசு சத்தியம் என்று அதற்குப் பெயர். அன்று இரண்டான குடும்பம் பிறகு நான்காகி, ஐந்தாகி, கூடலூர்க் கல்யாணத்தில் நண்பர் எண்ணிக் காட்டிய பட்டியலாயிற்று. யாக்கோபாயா, ஆர்த்தடாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்புச் சொல்லியும் கோவில் வாசல்களில் சச்சரவு ஓயவில்லை என்பதைப் பத்திரிகையில் பார்க்கிறோம்.

அப்படியானால் தப்பறையைக் கண்டிக்கவே கூடாதா என்று சிலர் கேட்கலாம். கண்டிக்கத்தான் வேண்டும். போதனையில் எதுவும் சரி என்று விட்டுவிட்டால் சபை என்று ஒன்று எதற்கு? எருசலேமிலும் ஒரு கட்சியார் சொன்னது தவறு என்றுதான் முடிவு செய்தார்கள். ஆனால் அவர்களைப் பேசவிட்டுவிட்டு முடிவு செய்தார்கள். அதனால் அந்தக் கடிதத்தை வாசித்தபோது அந்தியோகியாவில் இருந்தவர்கள் மகிழ்ந்தார்கள் என்று நூல் சொல்கிறது.

கடைசியாக ஒரு சேதி. 1994 நவம்பர் 11 அன்று வத்திக்கானில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும், பழைய பாரசீகத் திருச்சபையின் வாரிசான அசீரியத் திருச்சபையின் பிதாப்பிதா நான்காம் மார் தின்காவும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பழைய பிரிவினைகளில் பெரும்பகுதி ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தவை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். ஒரு திருச்சபை மரியாளைக் "கடவுளின் தாய்" என்றும் மற்றது "கிறிஸ்துவின் தாய்" என்றும் அழைப்பது ஒரே விசுவாசத்தின் இரண்டு சொல்முறைகள், இரண்டும் தகும் என்றார்கள். எபேசுவில் பேசியிருக்க வேண்டிய பேச்சு. 1563 வருடம் தாமதம்.

கல்யாணத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த இரண்டு குருவானவர்களும் ஒருநாள் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டு பேசினார்களாம். ஒருவர் பூசை வைத்தார், மற்றவர் பக்கத்தில் நின்று ஆசீர்வதித்தார். பிரியாணி நன்றாக இருந்தது.