மூணாறு பெண்கள் கேட்ட கேள்வி

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் ‘லிபெர்த்தே, எகாலித்தே, ஃபிரத்தெர்னித்தே’ என்று மனப்பாடம் செய்தோம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். இதில் சகோதரிகளுக்கு இடம் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு சர்க்கார் வேலை. எங்கள் சங்கத்தில் பெண்களும் சந்தா கட்டினார்கள். நிர்வாகக் குழுவில் ஒருவரும் இல்லை. அப்போதும் நான் கேட்கவில்லை.

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் கேட்டார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். பாட்டன் பூட்டன் காலத்தில் நம் சீமையிலிருந்து பிழைக்கப் போனவர்களின் வாரிசுகள். நாள் கூலி 232 ரூபாய். கண்ணன் தேவன் கம்பெனி 20 சதவீத போனஸை 10 ஆகக் குறைத்தது. கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள், சங்கத் தலைவர்களோ ஆண்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். சமாதானம் பேச வந்த தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தங்கள் அணிக்கு ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் வழிக்கு வந்தது: போனஸ் 8.33, கருணைத் தொகை 11.67, ஆக 20 சதவீதம். அடுத்த மாதமே கூலி 301 ரூபாய் என்று முடிவானது.

நம் அரியூர் நாட்டிலும் காப்பிப் பழம் பறிக்கப் பெண்கள் போகிறார்கள். கூலி பேச உட்காரும்போது அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எழுபது தாண்டிய பிறகுதான் எனக்கு இதைச் சொல்லத் தோன்றியிருக்கிறது.