கடலை வீட்டுக்குள் வைக்க முடியுமா? – ஒரு சிறு வரலாறு

எங்கள் சிட்லபாக்கத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். ஐ.டி. வேலை. முதலில் கப்பி, கோல்டு ஃபிஷ் என்று கொளத்தூரில் வாங்கி வந்து வளர்த்துக் கொண்டிருந்தார். 2020 ஊரடங்கில் வீட்டிலேயே இருந்தபோது ஆசை பெரிதாகி, "கடல் மீன் வளர்க்கப் போறேன்டா" என்றார். விரல் நீளத்தில் ஒரு களவா மீன் குஞ்சு வந்தது. கூட விட்ட சின்ன மீன்களையெல்லாம் ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, மூன்று வருடத்தில் ஒன்றேகால் அடிக்கு வளர்ந்து நின்றது. யார் கிட்டே போனாலும் கண்ணாடி அருகே வந்து முறைக்கும். தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் ஹீரோ.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஐந்து மணி நேரம் தாங்கியது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் அன்று இரவு வரை. மூன்றாம் நாள் கரண்ட் வந்தபோது தொட்டியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, வாசனையே சொல்லிவிட்டது. தண்ணீரை இறைத்துக் கொட்டப் போனவர்களில் நானும் ஒருவன். அண்ணன் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு பெரிய, மற்ற மீன்களைத் தின்று வாழும் கடல் மீனை வீட்டில் வளர்க்கும் ஆசை மனிதனுக்கு எப்போது வந்தது? தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். நான் பி.காம் மாணவன், விலங்கியல் படித்தவன் அல்ல. தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக் கொள்கிறேன்.

ரோமானியர்களின் குளம்

இந்த ஆசைக்கு வயது இரண்டாயிரம் வருடத்துக்கு மேல். ரோமானியப் பணக்காரர்கள் கடற்கரை மாளிகைகளில் பாறையைக் குடைந்து குளம் கட்டி, கடல் நீர் தானாக உள்ளே வந்து போகும்படி வாய்க்கால் வெட்டினார்கள். அதில் அவர்கள் விரும்பி வளர்த்தது கூர்மையான பற்கள் கொண்ட கடல் விலாங்கை. நம்மூர் மீனவர்கள் அஞ்சாலை என்பார்களே, அந்த இனம்.

கிராஸஸ் என்ற பெரிய பேச்சாளர், தான் வளர்த்த விலாங்கு செத்ததற்காக அழுதாராம். டொமிஷியஸ் என்ற அரசியல் எதிரி அதைச் சொல்லிக் கேலி செய்ய, "மூன்று மனைவிகளைப் புதைத்தும் அழாதவர் நீங்கள்தானே?" என்று கிராஸஸ் திருப்பிக் கேட்டதாகக் கதை. சிரிப்பு வருகிறது. ஆனால் பக்கத்துத் தெரு அண்ணனைப் பார்த்த பிறகு எனக்கு கிராஸஸைக் கேலி செய்ய மனம் வரவில்லை.

இன்னொரு கதை கொடூரமானது. வேடியஸ் பொல்லியோ என்ற செல்வந்தர் வீட்டு விருந்தில் ஓர் அடிமை கண்ணாடிக் கோப்பையை உடைத்துவிட்டான். அவனை விலாங்குக் குளத்தில் தள்ளச் சொன்னார் பொல்லியோ. விருந்தாளியாக வந்திருந்த பேரரசர் அகஸ்டஸ் அதைத் தடுத்து, வீட்டிலிருந்த மற்ற கோப்பைகளையும் உடைக்கச் சொல்லி, குளத்தையும் மூட வைத்தார். கொடிய மீனை வளர்ப்பதில் கொஞ்சம் அதிகார போதையும் இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

குளம் கண்ணாடியானது

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைப்பது மிகவும் பிந்தைய பழக்கம். பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845-ல் நீக்கப்பட்டது, கண்ணாடி மலிந்தது. (வரிக் கொள்கை எங்கெல்லாம் மூக்கை நுழைக்கிறது பாருங்கள்!) 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், நீர்த்தாவரங்களையும் மீனையும் ஒன்றாக வைத்தால் தண்ணீர் கெடாமல் இருக்கும் என்று சோதனை செய்து எழுதினார். 1853-ல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் மீன் இல்லம் திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் கோஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை ஊரெல்லாம் பரப்பியது.

ஆனால் அந்தத் தொட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் கடற்சாமந்தி, நண்டு, சின்ன மீன்கள். பெரிய வேட்டை மீனுக்குச் செடி தரும் ஆக்சிஜன் போதாது. அது தின்னும் இறைச்சிக்கு ஏற்ற கழிவையும் இரண்டு தண்டு பாசியால் சமாளிக்க முடியாது.

மெரினாவில் ஒரு கடல் வீடு

இனி நம் ஊர். எழும்பூர் அருங்காட்சியகத்தை நம் தாத்தா பாட்டிகள் 'செத்த காலேஜ்' என்பார்கள், விலங்குக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. இந்த செத்த காலேஜின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளை எழுதியவர் என்றுதான் அவரைத் தெரியும். ஆனால் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றியும் எழுதியவர் அவர். மெரினா கடற்கரையில் கடல்மீன் காட்சியகம் அமைந்ததில் அவர் பங்கு பெரியது. அது 1909-ல் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் காட்சியகம் என்று இதைச் சொல்கிறார்கள். முதலில் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்து, 1919-ல் மீன்வளத் துறைக்குப் போனது.

இடத்தைக் கவனியுங்கள். எதிரிலேயே வங்காள விரிகுடா. தண்ணீருக்குப் பஞ்சமில்லை, மீனுக்கும் பஞ்சமில்லை. வலையில் ஏறும்போது மட்டுமே பார்த்த மீன்களை, உயிரோடு நீந்தும்போது நகரத்து மக்கள் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

அதன் முடிவும் ஒரு நெருக்கடியில்தான் வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திருகோணமலை என்று வரிசையாகக் குண்டு போட்டன. மெட்ராஸ் காலியானது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று உயிர் காலேஜில் சிங்கம், புலி போன்றவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். மெரினா மீன் காட்சியகமும் அதே 1942-ல் மூடப்பட்டது. அடைத்து வைத்த உயிருக்கு ஊர் நன்றாக இருக்கும் வரைதான் பாதுகாப்பு. இதைப் படித்தபோது எனக்கு மிக்ஜாம் இரவுதான் ஞாபகம் வந்தது.

முட்டுக்காடும் மண்டபமும்

பெரிய வேட்டை மீனைச் சரியாக வளர்க்கவே முடியாதா என்றால், முடியும். நம் தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் (சிபா), முட்டுக்காட்டில் கொடுவா மீனைத் தொட்டியில் வைத்தே 1997-ல் முட்டையிட வைத்தது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும். களவா நேர் எதிர், முதலில் பெண், பிறகு ஆண். அதனால் ஜோடி சேர்ப்பதே பெரிய வேலை. குஞ்சுகளிலும் பெரியது சின்னதைத் தின்றுவிடும், அளவு வாரியாகப் பிரித்துக் கொண்டே இருக்க வேண்டும்.

2010-ல் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கடல் விரால் குஞ்சுகளை உற்பத்தி செய்தது. ஆறடிக்கு மேல் வளரக்கூடிய மீன் அது. இரண்டு இடத்திலும் என்ன இருந்தது? பக்கத்தில் கடல், பெரிய தொட்டிகள், பம்ப், கூடவே சம்பளத்துக்கு இருந்து பார்த்துக்கொள்ள ஆட்கள்.

சிட்லபாக்கம் கணக்கு

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். அண்ணனின் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒன்பது கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஆக, ஒருமுறை நிரப்ப ஒன்பது கிலோ கடலுப்புக் கலவை. சமையல் உப்பு உதவாது. வாரம் பத்து சதவீதம் மாற்றினால் 25 லிட்டர். எங்கள் போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர், ஆர்.ஓ. நீர்தான் சரி. வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டர் வீணாகப் போகும். ஏரிகள் வறண்டு, 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர் இது.

இதைவிட முக்கியமான கணக்கு இடம். ஒன்றேகால் அடி மீனுக்கு ஒன்றரை அடி அகலத் தொட்டியில் திரும்புவதற்கே இடம் போதாது. அதோடு, வெதுவெதுப்பான உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியாவைத் தின்று தண்ணீரைக் காப்பது ஃபில்டரில் வாழும் பாக்டீரியா. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். கரண்ட் போனால் மீனும் மூச்சுத் திணறும், அதைக் காக்கும் பாக்டீரியாவும் சாகும்.

சரி, வளர்க்க முடியாவிட்டால் கடலில் விட்டுவிடலாமே என்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் இந்து, பசிபிக் பெருங்கடல் பகுதியைச் சேர்ந்த லயன் ஃபிஷ் 1985-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டதுதான் காரணம் என்கிறார்கள். இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. களவாக்களில் மிகப் பெரிய இனம் இரண்டரை மீட்டருக்கு மேல் வளரும். அதை இந்திய அரசு 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைத்தது.

முடிவாக

ரோமானியனுக்கு அலை வேலை செய்தது. தர்ஸ்டனுக்கு மெரினா இருந்தது. முட்டுக்காட்டுக்குக் கடலும் அரசாங்கமும் இருந்தன. நம் வீட்டில் இருப்பது ஒரு பிளக் பாயிண்ட்.

மீன் பார்க்க ஆசையா? ஈஞ்சம்பாக்கத்தில் 2019-ல் திறந்த சுரங்கக் காட்சியகம் இருக்கிறது. காசு இல்லையா? விடியற்காலையில் காசிமேடு போங்கள், எத்தனை வகைக் களவா என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் +2 கணக்குப்பதிவியல் புத்தகத்தில் இருப்புநிலைக் குறிப்பின் வலது பக்கம் சொத்துகள், இடது பக்கம் பொறுப்புகள். அண்ணன் அந்த மீனை வலது பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் வேடிக்கை பார்த்தோம். அது இடது பக்கம் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

தொட்டி இப்போது காலியாக அவர் மொட்டை மாடியில் இருக்கிறது. "கப்பியாவது விடலாமே அண்ணா" என்று போன வாரம் கேட்டேன். "முதல்ல கரண்ட் போனா என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டு சொல்றேன்டா" என்றார்.