செல்ஃப் எடுக்காத லாரிகள்

நாமக்கல்லில் ஒரு லாரியை ஒரே ஆள் பார்ப்பதில்லை. இன்ஜினுக்கு மெக்கானிக், பாடிக்கு ஆசாரி, டிங்கரிங்குக்கு ஒருவர், வயரிங்குக்கு எங்களைப் போன்ற எலக்ட்ரீஷியன் என்று தனித்தனிப் பட்டறை. மற்றவர்கள் பார்க்கும் கோளாறு கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். எங்களுடையது தெரியாது, கேட்காது. அதனாலேயே கோளாறு தேடும் முறைதான் எங்கள் தொழிலின் சொத்து.

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-ல் டாட்டா, ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து வெறும் சேஸிதான் வரும். தலைக்கு மேல் கூரைகூட இல்லாமல், துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் ஓட்டி வருவார். கேபினும் பாடியும் இங்கே மரத்தில் எழும்பும். மரத்தில் கரண்ட் ஓடாது; ஆகவே கரண்ட் திரும்பிப் போக, பின் விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் வயர் இழுத்து சேஸியில் முடுக்க வேண்டும். அந்த போல்ட்டின் மேலேயே பெயின்டர் வண்ணம் பூசிவிடுவார்; பிறகு கரண்ட் சரியாக ஓடாது. நாமக்கல் எலக்ட்ரீஷியனுக்கு எர்த் மேல் சந்தேகம் வந்தது இப்படித்தான்.

நான் பட்டறையில் சேர்ந்தபோது டைனமோ வண்டிகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ சரியாகச் சார்ஜ் கொடுக்காது. கூடவே கட்-அவுட் என்று ஒரு பெட்டி. அதன் பாயின்ட் ஒட்டிக்கொண்டால், நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி கரண்ட் டைனமோவுக்கே திரும்பி ஓடி, விடிவதற்குள் காலியாகிவிடும். ஆல்டர்னேட்டர் வந்த பிறகு இந்த இரண்டு தொல்லையும் போயின. 1961-ல் சென்னையில் வண்டிகளுக்கான மின் பாகங்கள் செய்யும் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியிருந்ததால் பிரஷ்ஷுக்கும் ஆர்மேச்சருக்கும் நாங்கள் அலைந்ததில்லை.

இங்கத்திய வெயிலில் அரைகுறை பேட்டரிகூட ஓடிவிடும். காஷ்மீரில் ஆப்பிள் ஏற்றப் போகும் வண்டிதான் உண்மையைச் சொல்லும். 1956-ல் ஜவஹர் சுரங்கப்பாதை திறந்த பின்பு ஸ்ரீநகர் சாலை குளிர்காலத்திலும் ஓடியது. ஆனால் பனியோ மண்சரிவோ வந்தால் சுரங்கத்துக்கு அப்பால் காசிகுண்ட் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றுவிடும். உறைநிலைக்கு வந்தாலே பேட்டரியின் வலுவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் அதிக வலு கேட்கும். முழுச் சார்ஜில் ஹைட்ரோமீட்டர் 1.250 காட்டும் ஆசிட், மைனஸ் 50 டிகிரி வரை உறையாது. சார்ஜ் தீர்ந்து 1.100-க்கு இறங்கினால் மைனஸ் 8-லேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும். 24 வோல்ட் வண்டியில் இன்னொரு வினை இருந்தது. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுத்து டேப் ரிக்கார்டர் போடுவார்கள். அந்தப் பேட்டரி மட்டும் இளைக்கும். குளிரில் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும்.

“அண்ணா, பேட்டரி போச்சு, புதுசு போட்டுருங்க” என்றுதான் டிரைவர்கள் வருவார்கள். என் மேஸ்திரி சிரிப்பார். “பேட்டரி மேல பழி போடாத கண்ணு, ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடி” என்பார். விளக்கு அணைகிற மாதிரி மங்கினால் பேட்டரியிலோ டெர்மினலிலோ கோளாறு. விளக்கு மங்காமல் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் சொலினாய்டு, இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரின் பிரஷ். அடுத்து, சில விநாடி செல்ஃப் அடித்ததும் ஒவ்வொரு டெர்மினலாகத் தொட்டுப் பார்ப்பார். எது சுடுகிறதோ அங்கே கரண்ட் தடைபடுகிறது. பெரும்பாலும் கியர்பாக்ஸிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் பட்டிதான் சுடும். கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கும், இழைகளில் பாதி அறுந்திருக்கும்.

இதையே மல்டிமீட்டரில் இன்று பார்க்கிறோம். ஒரு முனை பேட்டரியின் மைனஸ் கம்பத்தில், இன்னொன்று இன்ஜின் பிளாக்கில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கருவி மாறியிருக்கிறது, தேடும் வரிசை மாறவில்லை. கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளுக்கும் இதே வரிசைதான். ஸ்கேனர் பத்துக் கோளாறு காட்டும். பத்துக்கும் காரணம் ஒரே எர்த்தாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வடக்கே லோடு ஏற்றுகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: கார்த்திகை பிறப்பதற்குள் எர்த் பட்டிகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். அதற்குப் பிறகும் செல்ஃப் எடுக்கவில்லையென்றால் புது பேட்டரி வாங்குங்கள்.