நஞ்சு என்றொரு பெயர்

தமிழில் கலைச்சொல் ஒன்று புதிதாக ஆக்கப்படும்போதெல்லாம், அது பொருளைத் துல்லியமாகச் சுட்டவில்லை என்னும் குறை எழுவது வழக்கம். அக்குறை கூறுவோர் 'வைரஸ்' என்னும் சொல்லின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம்.

இலத்தீனில் 'வீருஸ்' என்றால் நஞ்சு. பிசுபிசுத்த நீர் என்றும் பொருளுண்டு. எண்ணிச் சொல்லும் பொருளன்று ஆதலின், செவ்வியல் இலத்தீனில் அதற்குப் பன்மை வடிவமே காணப்படவில்லை. வடமொழி 'விஷ'மும் இதுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. உயிரெழுத்துகளுக்கு இடைப்பட்ட பழைய சகர ஒலி இலத்தீனில் ரகரமாயிற்று. வடமொழியின் ஷகரமோ தமிழில் டகரமாகி 'விடம்' பிறந்தது. ஆக, ஆலகால விடமும் ஆய்வுக்கூடத்து வைரசும் சொல்லளவில் உறவினர்!

கி.பி. முதல் நூற்றாண்டின் செல்சுஸ், வெறிநாய் கடித்தால் அதன் 'வீருஸை' உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று எழுதினார். அவர் கருதியது நஞ்சையே. வெறிநோயின் காரணி இன்றைய பொருளிலும் வைரஸாக அமைந்தது தற்செயல்.

1798இல் ஜென்னர் பசுவம்மைச் சீழையும் இச்சொல்லால் குறித்தார். 1892இல் ருஷ்யாவின் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலையின் சாற்றைப் பாக்டீரியா புகவியலாத வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறும் நோய் பரப்பிற்று. 1898இல் டச்சு அறிஞர் பெய்ரிங்க் அதனை உயிருள்ள தொற்றுநீர்மம் என விளக்கி, வைரஸ் என்றார். 1935இல் அமெரிக்கரான ஸ்டான்லி அதனைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். அப்படிகமும் நோய் உண்டாக்கும் ஆற்றலை இழக்கவில்லை. நீர்மமும் அன்று, நஞ்சும் அன்று, நுண்துகள் என்பது தெளிவாயிற்று. பொருள் முற்றிலும் மாறியும் பெயர் மாறவில்லை.

நம் 'நச்சுயிரி' இலத்தீனின் பழம்பொருளைக் காத்து, உயிரா அன்றா என்னும் முடியாத வழக்கில் ஒரு பக்கம் சாய்கிறது. 'தீநுண்மி' அவ்வழக்கைத் தவிர்க்கிறது. ஆனால், பாக்டீரியாவை மட்டுமே தாக்கி நமக்கு நன்மை செய்யும் வைரஸ்களும் உண்டு. அவற்றைத் 'தீ' என்பது எங்ஙனம்?

ஆயினும் இவற்றுள் எதுவும் மூலச்சொல்லைவிடப் பிழையானதன்று. நஞ்சல்லாத ஒன்றை நஞ்சென்று அழைத்தே உலகம் அதனை அறிந்துகொண்டது. சொல்லுக்குப் பொருளைத் தருவது அதன் பிறப்பு அன்று, வழக்கே. 'நச்சுயிரி' நிலைக்குமா என்பதும் நாம் அதனை எழுதுகிறோமா என்பதைப் பொறுத்ததே.